கண்ணுக்குள் ஒரு பாத்தி

முதலில் ஈக்கள்தான் வந்தன.

எங்கள் மரக்காணம் உப்பளத்தில் சித்திரை வெயில் ஏறிவிட்டால் பாத்தி ஓரங்களில் சின்னக் கறுப்பு ஈக்கள் மொய்க்க ஆரம்பிக்கும். கடிக்காது, சோற்றில் உட்காராது. உப்புத் தண்ணீர் கெட்டிப்படுகிற இடமாகப் பார்த்து சும்மா மிதந்துகொண்டிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஈக்களுக்கு நடுவில்தான் நான் உப்புக் கூடை சுமந்துவந்தேன். அதனால் இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் சித்திரையில் என் கண்ணுக்கு முன்னால் நாலைந்து கறுப்புப் புள்ளிகள் மிதந்தபோது, கையை வீசி விரட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போனேன்.

வீட்டுக்கு வந்தும் ஈ போகவில்லை. சோறு வடிக்கும்போது இருந்தது, தலை வாரும்போது இருந்தது. வீட்டுக்காரர் அர்ச்சுனனிடம் சொன்னேன். அவர் துண்டை உதறிக்கொண்டே, "உப்பு ஒடம்புல ஒட்டிக்கினு இருக்குது. அதான் ஈயும் உன் பின்னாடியே வருது. குளிடி ஒழுங்கா," என்றார். குளித்தேன். ஈ என்னோடு சேர்ந்து குளித்தது.

அதற்கு நாலு நாள் கழித்து, கண் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னத் தொடங்கியது. உப்பளத்தில் மின்னாமல் வேறெங்கே மின்னும்? தரையெல்லாம் வெள்ளை, தலைக்கு மேல் சூரியன். நான் கண்டுகொள்ளவில்லை. இந்த ஊரில் யாராக இருந்தாலும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள் என்று இப்போதும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருப்பது ஒரே கண். இடது கண் ஒன்பது வயதில் போயிற்று. கில்லி விளையாட்டில் பெரியப்பா மகன் அடித்த கில்லி நேராக வந்து பாய்ந்தது. அம்மா நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினாள். ஒரு வாரம் கட்டினாள். அவிழ்த்தபோது கண் வெளுத்திருந்தது. அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் தைத்துக் காப்பாற்றியிருக்கலாமாம். அது முப்பத்திரண்டு வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது. விருத்தாம்பாள் என்று அம்மன் பெயர் வைத்த பெண்ணை ஊர் ஒத்தைக்கண்ணி என்று கூப்பிட்டது. நானும் சும்மா விடவில்லை, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் தகுந்த பெயர் வைத்தேன்.

அப்படி மிச்சமிருந்த அந்த ஒரு கண்ணில்தான், சித்திரை கடைசியில் ஒரு காலை, தண்ணீர் வந்தது.

கூடையோடு வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். என் கால் எனக்குத் தெரியவில்லை. கீழேயிருந்து கறுப்பாக ஏதோ ஏறியது. அலையடிக்காமல், சத்தமில்லாமல், சாவகாசமாக ஏறியது. பாத்தியை மூடியது, வரப்பை மூடியது. சுனாமியில் கடல் எங்கள் அளத்துக்குள் சேற்றைக் கொட்டிவிட்டுப் போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் சேற்றை வழித்துப் போட்டே பாதிப் பருவம் போயிருந்தது. வேறு என்ன நினைப்பேன்? கூடையை வீசிவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"தண்ணி வருது, ஓடுங்க."

அளத்தில் இருந்த நாற்பது பேரும் ஓடினார்கள். கூடை, உப்பு வாரும் பலகை, தூக்குவாளி எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. ரோட்டுக்கு ஏறித் திரும்பிப் பார்த்தால் அளம் அப்படியே வெள்ளை வெளேரென்று காய்கிறதாம். நான் மட்டும் நடுவில் நின்றுகொண்டு தண்ணீர் தண்ணீர் என்று அலறுகிறேனாம். சிலர் சிரித்தார்கள், சிலர் என் குலத்தையே இழுத்துத் திட்டினார்கள். அர்ச்சுனன் திரும்பி வந்தார்.

"எங்கடி தண்ணி?"

"எதிர்லதான்யா. உனக்குத் தெரியல?"

"எதிர்ல நான்தான் நிக்கிறேன்," என்றார்.

அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தண்ணீர் நின்றது. மேலே கொஞ்சம் வானம் மட்டும் மிச்சம் இருந்தது.

பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிருபா என்ற டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுக்குப் பின்னாடி சுவத்துல ஒரு திரை ஒட்டியிருக்கும்மா. விழித்திரைன்னு பேரு. அது மேல்பக்கம் கிழிஞ்சு, கிழிசல் வழியா தண்ணி உள்ள போயி, திரையே உரிஞ்சு வந்துடுச்சு. மேல உரிஞ்சா உங்களுக்குக் கீழ இருட்டும். முதல்ல புள்ளி புள்ளியா மிதந்துச்சா?"

"ஈ மிதந்துச்சுங்க."

"எத்தனை நாளா?"

"இருபது நாளு இருக்கும்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. புள்ளி வந்த அன்றைக்கே வந்திருந்தால் லேசர் வைத்துக் கிழிசலைச் சுற்றி அடைத்து அனுப்பியிருப்பாராம். இப்போது கண்ணுக்குள் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தாலும் எவ்வளவு பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது, செய்யாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் சதீஷுக்கு அர்ச்சுனன் போன் போட்டு, "அம்மாவுக்குச் சின்ன ஆபரேஷன்" என்றார். அந்தச் சின்ன என்ற சொல்லைச் சொல்ல அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

தரையிலிருந்து உப்புப் பொருக்கு உரிவதை நான் பார்த்திருக்கிறேன். அடியில் தண்ணீர் புகுந்துவிட்டால் பாளம் பாளமாக எழும்பி மிதக்கும். அதை மறுபடி தரையோடு ஒட்டவைத்த ஆளை நான் பார்த்ததில்லை.

கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். நினைவு இருந்தது. முகத்தை மூடிய துணிக்குள் டெட்டால் வாசம். பிறகு எல்லாம் தூரமாகப் போய்விட்டது. இருட்டில் யாரோ டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார்கள். அவர்கள் நடந்த இடமெல்லாம் ஆரஞ்சு வெளிச்சம் பரவியது. ஒல்லியான கறுப்புக் குச்சி ஒன்று மெல்ல மெல்ல எதையோ வாரியது. எங்கள் அளத்தில் அவ்வளவு பக்குவமாக வாருகிற கை இல்லை, இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்தேன். அப்புறம் மடை திறந்த மாதிரி தண்ணீர் வடிந்தது. வடிந்த தரையில் பச்சைப் பொட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நான் பயப்படவில்லை. அந்த இடத்தில் குளிர்ச்சியாக இருந்தது, யாரும் அவசரப்படவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் போலிருந்தது.

"உள்ள ஒரு கேஸ் நிரப்பியிருக்கோம்," என்றார் டாக்டரம்மா மறுநாள். "அது மேல மிதக்கும். நீங்க குனிஞ்சு இருந்தா அது பின்னாடி போயி திரையை சுவத்தோட அழுத்திப் பிடிச்சுக்கும். பத்து நாளு முகம் தரையைப் பாத்தே இருக்கணும். சாப்பிட, பாத்ரூம் போக மட்டும் எழுந்திரிக்கலாம், அப்பவும் தலை குனிஞ்சேதான். தூங்குறதும் குப்புறத்தான். மல்லாக்கப் படுக்கவே கூடாது, அண்ணாந்து பாக்கவே கூடாது. உங்களுக்கு இருக்கிறது ஒரே கண்ணு, ஞாபகம் வச்சுக்குங்க. அந்தக் கேஸ் கரையிற வரைக்கும் மலை ஏறாதீங்க, பிளேன்ல போகாதீங்க."

பிளேனில் போகக்கூடாது என்றதும் சிரித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த உயரமெல்லாம் உப்பு அம்பாரம்தான்.

கல்யாணமான புதிதில் என் மாமியார், பொம்பளை தலை குனிந்து நடக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். கூடை சுமக்கிற கழுத்து எப்படிக் குனியும்? அவர் வருஷக்கணக்கில் செய்ய முடியாததை டாக்டரம்மா ஒரு மணி நேரத்தில் செய்துவிட்டார்.

பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் நான் வாந்தியெடுக்கப் போகிறேன் என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் பையைக் காலடியில் நீட்டினார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. பொம்மையார்பாளையம் வந்ததை மீன் வாசத்தில் தெரிந்துகொண்டேன், எங்கள் ஊர் வந்ததை உப்புக் காற்றில் தெரிந்துகொண்டேன். அந்தப் பையை மடித்து இன்னும் வைத்திருக்கிறேன்.

வீட்டில் என் சும்மாடுதான் எனக்குத் தலையணை ஆயிற்று. கூடைக்கு அடியில் தலையில் வைக்கிற அந்தத் துணி வளையத்தில் நெற்றியையும் கன்னத்தையும் பொருத்தினால் மூக்கு நடுவில் சுகமாக இறங்கும். அர்ச்சுனன் கயிற்றுக் கட்டிலின் தலைமாட்டில் கயிறுகளை விலக்கிக் கட்டி முகம் அளவுக்கு ஒரு ஓட்டை செய்தார். அதன் மேல் சும்மாடு, அதன் மேல் நான். சமையல் அவர். உப்பளத்துக்காரர் வைத்த குழம்பில் உப்பில்லை. சொன்னால் பாவம் என்று இரண்டு நாள் பொறுத்தேன், மூன்றாம் நாள் பொறுக்கவில்லை.

கண் திறந்தால் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. கட்டிலுக்குக் கீழே தரை ஆடியது. வந்தவர்கள் எல்லாம் பாதங்களாக வந்தார்கள். மங்கலாக ஆடி ஆடி வந்து நின்ற பாதங்களை நடையிலும் குரலிலும் அடையாளம் கண்டுகொண்டேன். பக்கத்துப் பாத்தி யுவராணி, தான் ஓடிய ஓட்டத்தில் செருப்பு அறுந்ததைச் சொல்லிவிட்டு, "போனா போவுது அக்கா, கண்ணு வந்தா போதும்," என்று அழுதாள். பகலா மாலையா என்று தெரியாமல் தூங்கி விழித்தேன். கனவில் வானத்தைப் பார்த்துவிட்டுப் பதறி எழுந்து, முகம் கீழேதான் இருக்கிறது என்று மூக்கைத் தொட்டு நிம்மதியடைவேன்.

நாலாம் நாள் எனக்கு வெறி பிடித்துவிட்டது. "மூஞ்சியே பாக்காம எத்தினி நாளுய்யா கெடக்கிறது? காலைப் பாத்துப் பாத்து மாடு மாதிரி ஆயிட்டேன்," என்று கத்தினேன். அர்ச்சுனன் கோணி ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் விரித்து, முனகிக்கொண்டே உள்ளே நகர்ந்து மல்லாந்து படுத்தார். பிறகு முழங்கையை ஊன்றி முகத்தை ஓட்டைக்கு நேராகத் தூக்கினார். மங்கலாக வந்தது, வந்தது, நாலு விரல்கடை தூரத்துக்கு வந்ததும் பளிச்சென்று தெளிந்தது. அந்தத் தூரத்தில் மட்டும் உலகம் தெளிவாக இருந்தது. புருவத்தில் ஒட்டியிருந்த உப்புத்தூள், மீசையில் வெள்ளை, மூக்குப் பக்கத்தில் நான் இதுவரை பார்க்காத ஒரு மச்சம்.

"யோவ், உனக்கு இங்க மச்சம் இருக்குதா?"

"எப்பவும்தான் இருக்குது."

இருபத்தோரு வருஷக் குடித்தனத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவர் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்தார். அளத்துக் கதை எல்லாம் கீழேயிருந்து மேலே வந்தது.

எட்டாம் நாள் மத்தியானம் காற்று திடீரென்று மாறியது. கோடை மழை. அம்பாரம் மூடாமல் கிடக்கிறது என்று யாரோ ஓடிக்கொண்டே சொன்னார்கள். அர்ச்சுனன் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார்.

"போய்யா. நான் அசைய மாட்டேன்."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். போ."

போனார். நான் சும்மாட்டில் முகத்தை அழுத்திக்கொண்டு கிடந்தேன். மண் வாசனை ஏறியது. அடுத்து நடந்தது எனக்கே விளங்கவில்லை. அளத்துக்காரிக்கு மண் வாசனை வந்தால் கால் தானாக எழும், தலை தானாக நிமிரும். மேகம் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் தாங்கும் என்று வானத்தைப் பார்த்துத்தான் மீதி வேலை. நான் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத்தில் வானம் முழுதும் தண்ணீராக ஆடியது. என் இமையில் ஒரு துளி விழுந்ததும்தான் நான் யார், எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது.

ஓடி வந்து குப்புற விழுந்தேன். பத்து எண்ணும் நேரமா நின்றேன், நூறு எண்ணும் நேரமா? தெரியவில்லை. உள்ளே இருந்த காற்று முன்னால் வந்திருக்கும், திரை தனியாக நின்றிருக்கும், உரிந்திருக்கும். எட்டு நாளும் போச்சு, கண்ணும் போச்சு. அன்று அவர் அடியில் வந்து படுத்தபோது தலை வலிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். பயத்தில் எனக்குப் பொய் நன்றாக வந்தது.

மறுநாள் சொல்லிவிட்டேன். நாலு விரல்கடை தூரத்தில் அவர் முகத்தை வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"மழை வந்தப்ப நான் மேல பாத்துட்டேன்யா."

மல்லாந்து படுத்திருந்ததால் அவர் கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் பக்கவாட்டில் ஓடிக் காதுக்குள் போனது. அதையும் நான் தெளிவாகப் பார்த்தேன்.

"மழை வந்தா யாரு பாக்கமாட்டாங்க," என்றார் கடைசியில். "நானும்தான் பாத்தேன்."

பதினோராம் நாள் டாக்டரம்மா கண்ணுக்குள் பார்க்க ஆரம்பிப்பதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவர் மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்றார். என் பக்கத்தில் நின்ற அர்ச்சுனன் என் தோளைப் பிடித்த பிடியில் தோள் வலித்தது.

"ஒட்டியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "கொஞ்ச நேரம் நிமிர்ந்ததுல ஒண்ணும் கெடல. உங்க நல்ல நேரம். இனிமே மழை வந்தா தரையைப் பாருங்க."

அன்றிலிருந்து நிமிர்ந்து உட்கார விட்டார்கள். நிமிர்ந்ததும் பார்த்தேன், என் கண்ணுக்குள் ஒரு பாத்தி இருந்தது. கீழே ஆடும் தண்ணீர், மேலே ஒரு நூல் அளவு தெளிந்த உலகம், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. தலையை ஆட்டினால் கோடு தளும்பும். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் இறங்கியது. பாத்தி காய்வதை அளக்க எனக்குத் தெரியாதா? முதலில் கூரை தெரிந்தது, பிறகு கதவின் மேல்கட்டை, பிறகு ஆணியில் தொங்கும் அர்ச்சுனன் சட்டை. ஒரு வாரத்தில் அவர் நெற்றி, அப்புறம் புருவம். மூக்குவரை இறங்கிய அன்று மச்சத்தைத் தேடினேன், அந்தத் தூரத்துக்குத் தெரியவில்லை. ஆனி கடைசியில் காற்று சுருங்கி ஒரு மணியாகக் கீழே உருண்டு திரிந்தது. ஒரு காலை எழுந்து பார்த்தால் அதையும் காணோம். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

பழைய கண் வரவில்லை. நேரான வரப்பு எனக்குக் கொஞ்சம் வளைந்துதான் தெரிகிறது. ஆனால் வரப்பு தெரிகிறது, வரப்பில் நடக்கிற என் கால் தெரிகிறது. தலைச்சுமை கூடாது என்றுவிட்டார்கள், அதனால் வாரிக் குவிக்கும் வேலைக்கு மாறினேன். கிளம்பும்போது டாக்டரம்மா ஒன்றைச் சொல்லியனுப்பியிருந்தார். "மறுபடி புள்ளி வந்தா கண்ணைத் திருப்பிப் பாருங்க. புள்ளியும் கூடவே வந்தா அன்னிக்கே இங்க வந்துடணும்."

அந்த வருஷ மழை கொட்டித் தீர்த்தது. மாசியில்தான் அளம் காய்ந்து வேலை தொடங்கியது. சித்திரை வந்து வெயில் ஏறிய ஒரு காலை, பலகையை இழுத்துக்கொண்டே நிமிர்ந்தேன். கண்ணுக்கு முன்னால் நாலு கறுப்புப் புள்ளிகள் மிதந்தன.

கை நின்றது. கண்ணைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே வருமா வராதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். எனக்கு அந்த நொடிக்குத் தைரியம் வரவில்லை. மூச்சைக்கூட விடாமல் அப்படியே நின்றேன்.

"யோவ்," என்றேன். குரல் எழும்பவில்லை.

மூன்று பாத்தி தள்ளி நின்ற அர்ச்சுனனுக்கு எப்படிக் கேட்டதோ. "இன்னா?"

"ஈ."

அவர் பலகையைப் போட்டார். வரப்பைச் சுற்றி வரவில்லை. விளைந்து நின்ற உப்பை மிதித்துக்கொண்டு பாத்திகளுக்குக் குறுக்காக வந்தார். அளத்தில் யாரும் செய்யாத காரியம் அது. என் எதிரில் நின்று, என் முகத்துக்கு முன்னால் காற்றில் படாரென்று இரண்டு கையையும் தட்டினார். விரித்து என் கண்ணுக்குப் பக்கத்தில், நாலு விரல்கடை தூரத்தில் பிடித்தார். உள்ளங்கையில் நசுங்கிய ஈ ஒன்று ஒரு சிறகை விரித்துக்கொண்டு கிடந்தது.

"ஈதான். பாத்துக்கோ."

"நாலு இருந்துச்சுய்யா," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. மிச்சம் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிடித்துக் காட்டினார். நாலாவது ஈயைப் பார்த்த பிறகுதான் நான் கண்ணைத் திருப்பினேன்.